புதுப்பிப்பு: அதிர்வுத் தட்டில் நின்றால் 100 மீட்டர் நேரம் குறையுமா?

ஓட்டத்துக்கு முன் அதிர்வுத் தட்டில் (ஏறி நின்றால் உடல் முழுவதையும் அதிரவைக்கும் மின்கருவி) நிற்பது பலன் தருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. அதன் பிறகு தேடிப் படித்ததை இங்கே சேர்க்கிறேன்.

தட்டு பொதுவாக 25 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 25 முதல் 50 முறை, அதிர்கிறது. அந்த அதிர்வில் தசைக்குள் இருக்கும் நீட்சி உணரிகள் தூண்டப்பட்டு, தண்டுவடம் வழியாகத் தசை தானாகவே சுருங்குகிறது, அதனால்தான் வேகம் கூடும் என்ற நம்பிக்கையே வந்தது. ஆனால் பெல்ஜியத்தின் லூவனில் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்து 5 வாரம் செய்த ஆய்வு, 2005-இல் வெளியானது, வழக்கமான பயிற்சியோடு இதையும் சேர்த்தவர்களுக்குப் புறப்படும் வேகத்திலோ 30 மீட்டர் ஓட்டத்திலோ கூடுதல் பலன் இல்லை என்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. தினமும் முழு வேகத்தில் ஓடும் தசைக்கு இந்தத் தூண்டல் ரொம்பச் சின்னது.

அப்புறம், மசாஜ் கன் (தசையை வேகமாகத் தட்டித் தளர்த்தும் கைக்கருவி) பற்றிக் கேட்டவர்களுக்கு: கெண்டைக்காலில் 5 நிமிடம் வைத்துப் பார்த்த 2020 ஆய்வில் கணுக்கால் கொஞ்சம் கூடுதலாக மடங்கியது, வலிமை கூடவுமில்லை, குறையவுமில்லை. உடல் இறுக்கம் தளர வேண்டுமானால் தாராளமாக வையுங்கள். வேகம் வேண்டுமென்றால், தயவுசெய்து, அந்தக் காசில் நல்ல ஸ்பைக்ஸ் (அடியில் முள் வைத்த ஓட்டக் காலணி) வாங்குங்கள், நேரத்தைப் புறப்பாட்டுப் பயிற்சிக்குக் கொடுங்கள்.