புது ஆட்டக்காரருக்கு எதை எப்போது திறந்துவிடுவது?

தண்டையார்பேட்டைக்காரன்:
நண்பர்கள் சேர்ந்து நகரம் கட்டும் ஆன்லைன் விளையாட்டு ஒன்று செய்கிறோம். அக்கா பையனிடம் கொடுத்துப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே சாலை, குடிநீர், மின்சாரம், வரி, சந்தை, கூட்டணி எல்லாம் திறந்து கிடந்தது. "எதை மாமா தொடறது?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். மெதுவாகத் திறந்தால் சலித்துவிடும் என்கிறான் கூட்டாளி. என்ன செய்யலாம்?

ராயபுரம் ரயிலடி:
புதுச் சேவை திறப்பதை நகரத்தின் மக்கள்தொகையோடு கட்டிப்போடுங்கள். 2015இல் வந்த நகரம் கட்டும் விளையாட்டு சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் அப்படித்தான், ஆள் சேரச் சேர புதுச் சேவைகள் திறக்கும். 2023இல் வந்த இரண்டாம் பாகத்தில் 20 படிகள். கிடைக்கும் புள்ளிகளை வைத்து எந்தச் சேவையை வளர்ப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது.

வியாசர்பாடி கேரம்:
அண்ணே, அது தனியாக ஆடுவது. பலர் சேர்ந்து ஆடும் ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டில், புதியவற்றைத் திறக்கத் தேவையான ஆராய்ச்சிப் புள்ளி தானாக மணிக்கு ஒன்றுதான் ஊறும், 10 சேர்ந்ததும் நின்றுவிடும். எவ்வளவு வேகமாக ஆடினாலும் காத்திருக்கணும். கூட்டணியைச் சீக்கிரம் திறங்கள், பேச ஆள் இருந்தால்தான் மறுநாளும் வருவான். சந்தையைத் தள்ளிப்போடுங்கள். பழைய ஆட்கள் புதியவனை மொட்டையடித்துவிடுவார்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
சரி, வரியும் சந்தையும் பூட்டு. குடிநீர் மட்டும் முதலிலேயே இருக்கட்டும். லாரிக்குக் குடத்தோடு நின்ற ஆள் நான், தண்ணீர் இல்லாமல் வீடு கட்டச் சொல்ல மனசு வராது.