படத்தில் விமான விசிறி அரிவாள் மாதிரி வளைந்து தெரிகிறது, அவசர உதவி

தேவகோட்டை_ராமு:
வணக்கம். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், புது ஏடிஆர் (இரண்டு விசிறி வைத்த பயணிகள் விமானம்) ஒன்று சோதனைப் பறப்புக்குக் கிளம்புவதைப் படம் எடுத்தேன். விசிறி இதழெல்லாம் அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. ஒன்றிரண்டு தனியாகவே மிதக்கிறது. இன்னொரு படத்தில் வலது பக்க விசிறி சுற்றவே இல்லை. லென்ஸ் போய்விட்டதா? நாளைக் காலை மறுபடி கிளம்புமாம். சீக்கிரம் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_நிழல்:
எந்த ஊர் அண்ணே? போனா, கேமராவா? ஷட்டர், அதாவது ஒளி விழும் நேரம், எவ்வளவு?

கொத்தமங்கலம்_லென்ஸ்:
முதலில் லென்ஸ் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். மலிவுக் கண்ணாடி போட்டால் இப்படித்தான்.

புதுவயல்_குமார்:
ஃபில்டர் எல்லாம் இல்லை. ஓடுதளச் சூட்டில் காற்று நெளியும், அதுதான்.

பள்ளத்தூர்_நிழல்:
அப்படியென்றால் விமானமே நெளிய வேண்டாமா? விசிறி மட்டும் ஏன்?

ஸ்டுடியோ_பெரியவர்:
கையேட்டைப் படிக்கும் பழக்கம் நம் ஊரில் ஒழிந்தே போய்விட்டது. இது பாலபாடம். இதற்கெல்லாம் ஓர் இழையா?

தேவகோட்டை_ராமு:
பிரான்சில் துலூஸ். மிரர்லெஸ் கேமரா, ஷட்டர் 1/2000 நொடி. பேரன் தூங்கும்போது எடுப்பதற்காகச் சத்தமில்லாத மோடில் வைத்தது, அப்படியே இருக்கிறது.

பள்ளத்தூர்_நிழல்:
கிடைத்தது! சத்தமில்லாத மோடு என்றால் எலக்ட்ரானிக் ஷட்டர். சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, படத்தை ஒரேயடியாக எடுக்காது, மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். சாதாரண சென்சாரில் அதற்கே 1/20, 1/30 நொடி ஆகிவிடும். ஏடிஆர் 72 விசிறி கிளம்பும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. கடைசி வரியைப் படிப்பதற்குள் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று முடிந்திருக்கும். 1/2000 வைத்தாலும் வளைவது அதனால்தான். திரை திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள்.

ஸ்டுடியோ_பெரியவர்:
மெக்கானிக்கலிலும் லேசாக வளையும் தம்பி. திரை நகரவும் நேரம் வேண்டும். அரைகுறையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

பள்ளத்தூர்_நிழல்:
சரி ஐயா, லேசாக வளையும். ஆனால் 1/2000-ல் விசிறி உறைந்து நிற்கும், எஞ்சின் அணைந்த மாதிரி இருக்கும். ஆறு இதழ், இடையில் 60 டிகிரி. 1/125 வைத்தால் ஓர் இதழ் சுமார் 58 டிகிரி சுற்றிவிடும், வட்டம் கிட்டத்தட்ட நிரம்பும். விமானத்தோடு சேர்த்து கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுங்கள். முதலில் 1/250, கை பழகியதும் 1/125 பக்கம் இறக்குங்கள். வெயில் இருந்தால் 1/125-க்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துவாரம் எஃப்/16.

கானாடுகாத்தான்_மணி:
வலது விசிறி நின்றதற்கும் கேமராவுக்கும் சம்பந்தமில்லை அண்ணே. ஏடிஆரில் தனியாகத் துணை எஞ்சின் கிடையாது. தரையில் நிற்கும்போது வலது எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கு மட்டும் பிரேக் போட்டுவிடுவார்கள். கரண்டும் ஏசிக் காற்றும் அதிலிருந்துதான். ‘ஹோட்டல் மோடு’ என்பார்கள். பதிவெண் எஃப்-டபிள்யூ என்று தொடங்குகிறதா, பாருங்கள். அங்கே சோதனை விமானங்களுக்கு அப்படித்தான் போடுவார்கள்.

புதுவயல்_குமார்:
இதே ஏடிஆரைத் திருச்சியில் எடுக்கலாமே. புதுக்கோட்டை ரோட்டில் நின்றால் போதும்.

கொத்தமங்கலம்_லென்ஸ்:
போலீஸ் வந்தால் நீங்கள் வருவீர்களா? 1937 விமான விதிகளில் 13-ஐப் படியுங்கள். அரசு விமான நிலையத்தில் எழுத்து அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது.

புதுவயல்_குமார்:
நிலையத்துக்குள் என்றுதானே இருக்கிறது? ரோடு நிலையமா?

கொத்தமங்கலம்_லென்ஸ்:
அதைக் காவலரிடம் கேளுங்கள்.

கானாடுகாத்தான்_மணி:
இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் செட்டிநாட்டிலேயே கிடக்கிறது. அதை உயிர்ப்பித்தால் திருச்சிக்கு ஏன் போக வேண்டும்?

ஸ்டுடியோ_பெரியவர்:
விமானமே வராத ஓடுதளத்தில் எதை எடுக்க? ஆட்டையா?

கானாடுகாத்தான்_மணி:
வரட்டும் என்றுதானே சொல்கிறேன். மதுரைக்கும் திருச்சிக்கும் ஓடியே ஆயுசு போகிறது.

தேவகோட்டை_ராமு:
மெக்கானிக்கல், 1/160. விசிறி அழகாகச் சுற்றுகிறது, நன்றி. ஆனால் வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி.

கொத்தமங்கலம்_லென்ஸ்:
அதுதான் ஃபில்டர் என்றேன்!

பள்ளத்தூர்_நிழல்:
இல்லை, சென்சாரில் தூசு. எஃப்/16-ல்தான் தெளிவாகத் தெரியும். ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் அப்புறம் சர்வீஸுக்குத்தான் போகணும்.