அலென்தேஜுவில் ஒரு மதியச் சாப்பாடு: ரொட்டி, பூண்டு, கொத்தமல்லி

போர்ச்சுகல் போகிறவர்கள் பெரும்பாலும் லிஸ்பனையும் போர்ட்டோவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் மிச்சமிருந்தால் தெற்கே அலென்தேஜு என்ற பகுதிக்குப் போய் ஒருவேளை சாப்பிட்டு வாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நானும் அம்மாவும் அங்கே எவோரா என்ற ஊரில் சாப்பிட்ட கதை இது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். அம்மா முட்டைகூடத் தொடமாட்டார்.

எவோரா லிஸ்பனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். மதில் சூழ்ந்த பழைய ஊர், 1986 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ரோமானியக் கோயிலின் தூண்கள், மனித எலும்புகளால் சுவரை மூடிய சிற்றாலயம் எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

சந்து ஒன்றில் சின்ன உணவகம். வெள்ளையடித்த சுவர், அடியில் மஞ்சள் பட்டை. மேசைமேல் காகித விரிப்பு. சுவரோரமாக ஆளுயர மண்தாழிகள். ரோமானியர் காலத்திலிருந்து வரும் முறைப்படி இந்தப் பகுதியில் ஒயினை இப்படிப்பட்ட தாழிகளில் நொதிக்கவிட்டு, நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளன்று திறப்பார்கள்.

உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், ஒரு சின்னப் பாலாடைக்கட்டி வந்துவிடும். இதற்கு 'கூவேர்' என்று பெயர், இலவசம் கிடையாது. வேண்டாம் என்றால் தொடாமல் விடுங்கள். கேட்காமல் வைத்ததற்கு, நாம் தொடாதவரை, பணம் வாங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் பாலாடைக்கட்டியை விடாதீர்கள். செம்மறியாட்டுப் பாலை முட்செடி ஒன்றின் காய்ந்த பூவைப் போட்டு உறையவைக்கிறார்கள். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறை கிடையாது என்பதால் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பரிமாறியவருக்கு ஐம்பது வயது இருக்கும். சமையலறையில் அவருடைய அம்மா. இறைச்சி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று நான் சொன்னதும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அசோர்தா தருகிறோம். மீனும் முட்டையும் பிறகு சேர்ந்தவை. என் பாட்டி காலத்தில் பல நாள் அவை இல்லாமல்தான்" என்றார்.

அந்த வயதான அம்மாவே ஒரு ஆழமான மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அடியில் பூண்டு, கல் உப்பு, கை நிறையக் கொத்தமல்லி எல்லாம் உரலில் இடித்த விழுது, அதன்மேல் ஆலிவ் எண்ணெய். எங்கள் கண்ணெதிரே கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். அம்மா சட்டியைப் பார்த்துக் குனிந்து, "ரசத்துக்குத் தட்டின மாதிரியே வாசனை வருதுடா" என்றார். பக்கத்து ஸ்பெயினில் கொத்தமல்லித் தழையை அவ்வளவாகச் சமையலில் பார்க்க முடியாது, இங்கே அது இல்லாமல் அடுப்பே எரியாது போல. பிறகு பழைய ரொட்டியைக் கையால் பிய்த்துப் போட்டார். ரொட்டி ஊறியும் ஊறாமலும் இருக்கும்போதே சாப்பிட வேண்டும். லிஸ்பனில் இதே பெயரில் கிடைப்பது கூழாக இருக்கும், அது வேறு பண்டம்.

தண்ணீரும் ரொட்டியும் சேர்ந்த ஒன்று இவ்வளவு ருசியாக எப்படி இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அந்த மண்ணின் கதை தெரிந்த பிறகு கொஞ்சம் புரிந்தது. அலென்தேஜு பெரும் பண்ணையார்களின் கோதுமை நாடு. 1929-இல் அரசு கோதுமை இயக்கம் ஒன்றைத் தொடங்கி இன்னும் அதிக நிலத்தை உழவைத்தது. நாட்டுக்கே களஞ்சியம் என்று பெயர், அறுத்தவர்களுக்கோ ஆண்டு முழுக்க வேலை இல்லை. 1954-இல் பெஜாவுக்குப் பக்கத்துப் பலெய்சாவு கிராமத்தில் கூலி உயர்வு கேட்ட கத்தரினா எவுஃபேமியா என்ற இளம் அறுவடைத் தொழிலாளி காவல்படை அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட வயல்களில் வேலை செய்தவர்களின் உணவு இது. தடித்த மேலோடு உள்ள புளித்தமாவு ரொட்டி பல நாள் தாங்கும். காய்ந்தாலும் எறியமாட்டார்கள், வெந்நீரும் பூண்டும் வேலியோரத் தழையும் சேர்ந்தால் ஒருவேளைச் சாப்பாடு. ஓடைக்கரையில் வளரும் ஒருவகைப் புதினாவையும் சேர்ப்பார்களாம். நம் பருப்புக்கீரையில்கூட ஒரு சூப் உண்டு, முழுப் பூண்டும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் போட்டுச் செய்வார்கள். முட்டையும் இருக்கும், வேண்டாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான் சாப்பிட்டது மிகாஸ். அதுவும் பழைய ரொட்டிதான். பூண்டும் சிவப்புக் குடைமிளகாய் விழுதும் தடவி ஊறவைத்த பன்றி விலாவை வறுத்து, அதே கொழுப்பில் நனைத்த ரொட்டியைப் புரட்டிப் புரட்டி உருளையாக்கித் தருகிறார்கள். நன்றாக இருந்தது, ஆனால் கனம். பாதிக்கு மேல் முடியவில்லை. 'மேயா டோஸ்' என்று கேட்டால் அரை அளவு தருவார்கள். ஒருவருக்கு அது தாராளம்.

இனிப்புக்குச் செரிகாயா. பால், முட்டை, சர்க்கரை, மாவு கலந்து, மேலே லவங்கப்பட்டைத் தூளை அள்ளித் தூவி, அகன்ற மண்தட்டில் சுடுவது. மேற்பரப்பு வெயிலில் காய்ந்த வண்டல்போல வெடித்திருக்கும். கூடவே எல்வாஸ் ஊரின் பச்சைப் பிளம்ஸ், சர்க்கரைப் பாகில் ஊறியது. அம்மாவுக்குப் பிளம்ஸ் மட்டும் தனியாக வந்தது, இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

இந்த இனிப்பைக் கிழக்கிலிருந்து கொண்டுவந்தவர் 1558 முதல் 1561 வரை கோவாவில் வைஸ்ராயாக இருந்த கான்ஸ்தந்தீனு த பிரகன்சா என்று அங்கே சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 1560-இல் யாழ்ப்பாணத்தின் மீது, சங்கிலி மன்னன் காலத்தில், படையெடுத்து வந்தவர் இவர்தான். மன்னாரைப் பிடித்ததும் அந்தப் படையெடுப்பில்தான். அவருடைய குலத்தின் அரண்மனை எவோராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் விலா விசோசாவில் இன்றும் இருக்கிறது. அந்தத் தட்டில் கிடந்த பட்டைத் தூளைப் பார்த்தபோது, போர்த்துகீசியர் இலங்கையில் எதற்காக அத்தனை காலம் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் நினைவுக்கு வந்தது. இனிப்பு அருமை, அதை மறுக்கமாட்டேன். ஆனால் திரும்பப் போனால் நான் கேட்கப்போவது அசோர்தா.

போகிறவர்களுக்கு: மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு இரவு ஏழரை வரை பல இடங்களில் சமையலறை மூடியிருக்கும். வாசலில் கையால் எழுதி ஒட்டிய அன்றைய உணவுப் பட்டியல் இருக்கும் கடையாகப் பாருங்கள்.

வடக்கே மின்யோ பக்கமோ மலைநாட்டிலோ இப்படி ஊர்ச்சாப்பாடு சாப்பிட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். அங்கே இறைச்சி இல்லாமல் என்ன கிடைக்கும் என்று அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.