தாத்தா வீட்டுக் குழு: சைரஸ் உருளையில் என்னதான் எழுதியிருக்கிறது?

பெரியப்பா: (வந்ததை அப்படியே அனுப்புகிறேன்) உலகின் முதல் மனித உரிமைச் சாசனம்! 2,500 ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகப் பேரரசர் சைரஸ் அடிமை முறையை ஒழித்தார். உழைப்புக்குக் கூலி கொடுக்கச் சொன்னார். களிமண் உருளையில் எழுதிய சாசனம் லண்டனில் இருக்கிறது. அனைவருக்கும் பகிருங்கள்.

சித்தி: பைபிளில் எஸ்றா புத்தகத்தில் வரும் கோரேஸ் ராஜாதானே அத்தான்?

பெரியப்பா: அவரேதான்.

நான்: பெரியப்பா, உருளை உண்மை. அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதும் உண்மை. ஆனால் அடிமை ஒழிப்பும் கூலியும் அதில் இல்லவே இல்லை. யாரோ இட்டுக்கட்டிய மொழிபெயர்ப்பு ஒன்று இணையத்தில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. சைரஸுக்குப் பிறகும் பாபிலோனில் அடிமைகளை வாங்கி விற்ற களிமண் பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. தயவுசெய்து இதை வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.

அண்ணன்: அந்த உருளையை நான் பார்த்திருக்கிறேன். 2013 கடைசியில் மும்பை மியூசியத்துக்குக் கொண்டுவந்தார்களே, அப்போது. பெரிய மக்காச்சோளக் கதிர் அளவுதான் இருக்கும். எழுத்து அவ்வளவு பொடி. ஒரு பக்கம் பெயர்ந்து போயிருந்தது.

தங்கை: பாரசீக மொழியிலா எழுதியிருக்கிறது?

நான்: இல்லை, பாபிலோன்காரர்களின் அக்காடிய மொழியில். விஷயமே அங்கேதான் இருக்கிறது. கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்தவர், அந்த ஊர்க் கோயிலார் பேசுகிற மாதிரியே தன்னைப் பற்றி எழுத வைத்திருக்கிறார். பழைய ராஜா நபோனிடஸ், ஊர்த்தெய்வம் மர்துக்கை மதிக்கவில்லை, மக்களை வாட்டினார். மர்துக் கோபம் கொண்டு, நல்ல ராஜா ஒருவரை நாடு நாடாகத் தேடி, சைரஸின் கையைப் பிடித்துக்கொண்டு, நண்பனைப் போலக் கூடவே நடந்து வந்து, சண்டையே இல்லாமல் பாபிலோனுக்குள் நுழையவிட்டார். இதுதான் அதில் உள்ள கதை.

சித்தி: கையைப் பிடித்துக்கொண்டா? ஏசாயா 45இல் கர்த்தர் கோரேசின் வலது கையைப் பிடித்ததாகத்தானே இருக்கிறது!

நான்: ஆமாம் சித்தி. முதல் முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரே வெற்றியை இரண்டு மக்கள் தங்கள் தங்கள் கடவுளின் செயலாகப் பார்த்திருக்கிறார்கள்.

பெரியப்பா: அப்படியென்றால் ரத்தம் சிந்தாமல் பிடித்தது உண்மைதானே?

நான்: பாபிலோன் நகரத்துக்குள் பெரிய சண்டை நடக்கவில்லை. அதற்குச் சில நாள் முன்பு நடந்ததை உருளை சொல்லவில்லை. நபோனிடஸ் காலத்து வருடக் குறிப்பு என்று இன்னொரு களிமண் பலகை இருக்கிறது. டைகரிஸ் ஆற்றங்கரையில் ஓபிஸ் என்ற ஊரில் போர் நடந்தது, கொள்ளை அடித்தார்கள், ஆட்களை வெட்டினார்கள் என்று அதில் இரண்டு வரியில் எழுதியிருக்கிறது. ஓபிஸ் வீழ்ந்த பிறகுதான் சிப்பார் நகரம் சண்டையின்றிப் பணிந்தது. அப்புறம் பாபிலோன். அக்டோபர் 12ஆம் தேதி படை நுழைந்தது. அக்டோபர் 29ஆம் தேதிதான் சைரஸ் வந்தார், வரவேற்பு நடந்தது. உருளை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓபிஸில் செத்தவர்களை விட்டுவிட்டு அதைக் கொண்டாட மனசு வரவில்லை.

தங்கை: நபோனிடஸ் அவ்வளவு மோசமா?

நான்: ஜெயித்தவர் எழுதியது, அப்படியே நம்ப முடியாது. ஆனால் அவர் சந்திரக் கடவுள் சின்னின் தீவிர பக்தர். பத்து வருடம் அரேபியாவில் தேமா என்ற ஊரில் போய் இருந்துவிட்டார். ராஜா ஊரில் இல்லாததால் மர்துக்கின் புத்தாண்டு விழா நின்றுபோனது. கோயிலாருக்குக் கோபம் வராதா? அந்தக் காலத்தில் பாபிலோனைப் பார்த்துக்கொண்ட மகன்தான் பைபிளின் தானியேல் புத்தகத்தில் வரும் பெல்ஷாத்சார்.

சித்தி: எருசலேமைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா?

நான்: பெயரே இல்லை சித்தி. யூதர்களும் இல்லை. டைகரிஸுக்கு அந்தப் பக்கத்து ஊர்களின் தெய்வங்களை அவரவர் கோயிலுக்கே திருப்பி அனுப்பினேன், அங்கத்து மக்களையும் கூட்டிச் சேர்த்து அவர்கள் இடத்துக்கே அனுப்பினேன் என்கிறார். அசூர், சூசா, இப்படிச் சில ஊர்ப் பெயர்கள் வருகின்றன. யூதர்களை எருசலேமுக்குத் திரும்பவிட்டார் என்று எஸ்றாவில் படிப்பதும் இதே போக்குதான், அதனால் இரண்டும் பொருந்திப் போகின்றன.

அண்ணன்: கிடைத்தது எப்போது?

நான்: 1879. பாபிலோன் இடிபாடுகளில் தொல்லியலாளர் ஹோர்முஸ்ட் ரஸ்ஸாம் தோண்டும்போது. கட்டடத்துக்கு அடியில் அஸ்திவாரத்தில் புதைத்து வைக்கும் வகை அது. மண்ணுக்குள் இருப்பதை யார் படித்திருப்பார்கள் என்று நெடுநாள் கேள்வி இருந்தது. 2009, 2010 வாக்கில் பிரிட்டிஷ் மியூசியத்திலேயே கிடந்த இரண்டு சின்னப் பலகைத் துண்டுகளில் இதே வாசகத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் நகல் எடுத்துப் பரப்பியிருக்கிறார்கள்.

பெரியப்பா: மனித உரிமை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

நான்: ஈரான் மன்னர் ஷா 1971இல் பாரசீகப் பேரரசின் 2,500 ஆண்டு விழா எடுத்தார். விழாவுக்கே இந்த உருளைதான் சின்னம். ஐ.நா. சபைக்கும் நகல் ஒன்று கொடுத்தார்கள். அந்தப் பெயர் நிலைத்தது அப்போதுதான்.

பெரியப்பா: சரி, நான் அனுப்பியதை அழித்துவிடுகிறேன். உண்மையில் உள்ளதைச் சின்னதாக எழுதிக் கொடு, சபைக் குழுவில் போடுகிறேன். ஓபிஸையும் சேர்த்து எழுது.

நான்: இன்று ராத்திரி அனுப்புகிறேன் பெரியப்பா. ஆரம்ப வரிகள் உடைந்திருப்பதால் நபோனிடஸ் பகுதியிலிருந்து தொடங்குகிறேன்.

சித்தி: அந்த ஏசாயா வசனத்தையும் பக்கத்தில் போட்டுவிடு.