கல்லூரி வளாகத்து டிஸ்க் கோல்ஃப் திடலில் வெளியார் ஆடலாமா?

சாட்ஸ்வர்த் வட்டெறிவான் எழுதியது:

நம் தென்னாப்பிரிக்க டர்பனில் ஒரு கல்லூரியின் பின்புறச் சரிவில், மாணவர்களும் சில விரிவுரையாளர்களும் சேர்ந்து அமைத்த ஒன்பது கூடைகள் கொண்ட டிஸ்க் கோல்ஃப் (வட்டை எறிந்து கூடையில் விழவைக்கும் ஆட்டம்) திடல் இருப்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். கல்லூரியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வாயிலில் "மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும்" என்ற பலகை உண்டு. ஆனால் கீழ்ப்பக்கத்தில் வேலியில்லாத ஒற்றையடிப் பாதை வழியாக எங்களைப் போன்ற வெளியார் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுங்காலமாகச் சென்று ஆடிவந்தோம். காவலர்கள் கையசைப்பார்கள், நாங்களும் கையசைப்போம். அண்மையில் புதிதாக வந்த காவலர் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் தம் கடமையைச் செய்தார். என் கேள்வி அந்தப் பலகையைப் பற்றியது.

இவ்விளையாட்டு பொதுப் பூங்காவில் பிறந்தது. சங்கிலி தொங்கும் கூடையை உருவாக்கிய எட் ஹெட்ரிக், 1975-இல் கலிபோர்னியாவின் ஓக் க்ரோவ் பூங்காவில் அமைத்ததே முதல் நிலையான திடல் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவில் இன்றும் பெரும்பாலான திடல்கள் மாநகரப் பூங்காக்களில் கட்டணமின்றி இயங்குகின்றன. ஊர் மக்களுக்குத் திடலைத் திறந்து வைத்திருக்கும் கல்லூரிகளும் அங்கே உண்டு. கோல்ஃப் ஆடப் பை நிறைய மட்டைகளும் சங்க உறுப்புரிமையும் வேண்டும். இதற்கு ஒரே ஒரு வட்டு போதும். விடுமுறை நாளில் ஒருவரும் இல்லாமல் கிடக்கும் திடலில் நாங்கள் ஆடுவதால் யாருக்கு என்ன குறைந்துவிடுகிறது?

கூடை காப்போன் எழுதியது:

அத்திடலைப் பராமரிப்பவர்களில் நானும் ஒருவன் என்பதால் தம்பியின் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு இருக்கிறது.

நான்காம் கூடைக்கு எறியும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அதன் இடப்பக்கத்தில் விடுதிக்குச் செல்லும் நடைபாதை, ஒரு புதர்வரிசைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல் செல்கிறது. வலக்கைக்காரர் உடலின் குறுக்காகக் கையை இழுத்து வீசும் வட்டு, மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழலும்; வேகம் குறையக் குறைய அது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். அதாவது, ஆடுவோரில் மிகப் பெரும்பாலோரின் வட்டு இயல்பாகவே அந்த நடைபாதையை நோக்கித்தான் சரியும். கடற்கரையில் குழந்தைகள் பிடித்து விளையாடும் தட்டையான வட்டைப் போன்றதே இதுவும் என்று எண்ணிவிடக் கூடாது. 1983-இல் விளிம்பு சரித்துக் கூர்மையாக்கிய வட்டு வந்ததிலிருந்து இவை நெடுந்தொலைவு பறக்கின்றன. 170 கிராமைத் தாண்டும் கெட்டியான பிளாஸ்டிக் வட்டை, தேர்ந்த ஆட்டக்காரர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் எறிகிறார். அது நெற்றியில் பட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிர்வாகம் இத்திடலுக்கு ஒப்புதல் தந்தபோது விதித்த நிபந்தனை இதுதான்: அந்த நடைபாதையையும், விடுதி மாணவர்கள் அதில் போய்வரும் நேரங்களையும் அறிந்தவர்கள் மட்டுமே ஆட வேண்டும். வெளியிலிருந்து வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை அறியமாட்டார்.

திடல் "கிடக்கிறது" என்ற சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் சரிவு பெரேயா செம்மணல் என்னும் இளகிய மண். புல் தேய்ந்தால் ஒரே கோடைமழையில் வாய்க்கால் விழுந்துவிடும். கூடைகளைச் சுற்றி மண் வெறுமையாவதையும், எறிவழியில் நிற்கும் மாமரங்களின் பட்டை வட்டு பட்டு உரிவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த நிலத்துக்கு ஓய்வு நாள். (குரங்குகள் மட்டும் எந்தப் பலகையையும் மதிப்பதில்லை, வட்டைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிடுகின்றன.)

அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை. அங்கும் சில வளாகத் திடல்கள் மாணவர்களுக்கு மட்டுமே உரியவை. வேறு சிலவற்றில் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற வேண்டும். திடல் விவரத் தொகுப்புகளில் இது தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். அங்குள்ள ஆட்டக்காரர்கள் அதை மதிக்கக் காரணம், ஒரு விபத்தோ ஒரு தகராறோ போதும், நிர்வாகம் கூடைகளைப் பிடுங்கிவிடும் என்பதுதான்.

ரிசர்வாயர் ஹில்ஸ் பெரியவர் எழுதியது:

"இன்னாருக்கு மட்டும்" என்ற பலகையை இந்த நகரத்தில் வாசிக்கும்போது என் தலைமுறைக்கு ஏற்படும் உணர்வை இளையவர்கள் அறிந்துகொள்வது நல்லது. நம் டர்பன் இந்தியரான கோல்ஃப் ஆட்டக்காரர் பப்வா சிவ்கோலம் 1959-இல் டச்சு ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்று ஐரோப்பாவில் பாராட்டப்பட்டவர். அவரே 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, மன்றத்தின் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாது என்பதால், மழையில் வெளியே நின்று கோப்பையைப் பெற்றுக்கொண்டார். ஆடுவதற்கு இருந்த அனுமதி வாசலைத் தாண்டுவதற்கு இல்லை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953-ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் என்று விடப்பட்ட சில மைதானங்களில்தான், அவற்றுள் கரீஸ் ஃபவுண்டன் முதன்மையானது, நாங்கள் பந்தாடினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்நகரின் கல்விக்கூடங்கள் பலவற்றுக்கு நம் முன்னோரின் பணம் அடித்தளமாக இருந்தது. எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி சுல்தான் என்ற வள்ளலின் நன்கொடையால் எழுந்து அவர் பெயரையே தாங்கியது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. டர்பன் அடங்கிய நேட்டால் மாகாணத்தின் இந்தியப் பள்ளிகள் பலவற்றில் ஊரார் திரட்டிய தொகைக்கு ஈடாகத்தான் அரசு தன் பங்கைக் கொடுத்தது. அப்படி எழுந்த கல்வி மரபின் நிழலில் நிற்கும் ஒரு நிறுவனம், தன் சுற்றுப்புறத்தாரைப் பார்த்து "நீ வெளியாள்" என்று சொல்வதற்கு முன் சற்றுத் தயங்கட்டும்.

ஃபீனிக்ஸ் தாய் எழுதியது:

ஐயா சொன்ன வரலாற்றுக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் என் மகள் அந்த விடுதியில் தங்கியிருக்கிறாள். வார இறுதியில் விடுதி பாதி காலியாக இருக்கும். அப்போது யாரென்று தெரியாத ஆண்கள் வேலியில்லாத பாதை வழியாக வளாகத்துக்குள் வந்துபோவதைக் காவலர்கள் கையசைத்து அனுமதித்தார்கள் என்று இங்கே படித்தபோது எனக்கு வந்த அச்சம் விளையாட்டைப் பற்றியதன்று. பப்வா அவர்களைத் தடுத்த பலகை தோலைப் பார்த்தது. இந்தப் பலகை கல்லூரி அடையாள அட்டையைப் பார்க்கிறது. அந்த அட்டை இருப்பவர் ஏதேனும் தவறு செய்தால் அவரைக் கண்டுபிடிக்க முடியும்.

ரிசர்வாயர் ஹில்ஸ் பெரியவர் எழுதியது:

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அட்டை யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். கட்டணம் கட்ட முடிந்தவரின் பிள்ளை உள்ளே, முடியாதவரின் பிள்ளை வெளியே. 2015-இல் நாடெங்கும் மாணவர்கள் கல்விக் கட்டணத்தை எதிர்த்துக் கிளர்ந்ததற்கு வேறென்ன காரணம்? தோலைப் பார்க்காத பலகையும் ஒரு சாராரையே மீண்டும் மீண்டும் வெளியே நிறுத்தக்கூடும்.

வழக்கறிஞர் மகள் எழுதியது:

இரு தரப்பும் சட்டத்தைத் தொடாமல் செல்வதால் இடையில் வருகிறேன்.

1959-ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டத்தின்படி, நிலத்தைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் அனுமதியோ வேறு சட்டபூர்வமான காரணமோ இன்றி நுழைவது குற்றம். காவலர் கையசைத்தது அத்தகைய அனுமதி ஆகுமா என்று வாதிடலாம். வாயிலில் பலகை இருக்கும்போது அந்த வாதம் மெலிந்ததுதான். வட்டெறிவான் அண்ணா இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் கல்லூரியும் பலகையைக் காட்டித் தப்பிவிட முடியாது. கவனக்குறைவு பற்றி 1966-இல் க்ரூகர் எதிர் கூட்ஸி வழக்கில் மேல்முறையீட்டு மன்றம் வகுத்த அளவுகோலே இன்றும் நம் நீதிமன்றங்களில் முதலில் எடுக்கப்படுகிறது: நிதானமுள்ள ஒருவர் இத்தகைய தீங்கை எதிர்பார்த்திருப்பாரா, அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருப்பாரா, இவர் அதை எடுக்கத் தவறினாரா என்பவையே அந்தக் கேள்விகள். அந்த வழக்கு திறந்து கிடந்த வாயில் வழியாகச் சாலைக்கு வந்துவிட்ட குதிரைகளைப் பற்றியது என்பதும் இங்கே பொருத்தமாகத்தான் இருக்கிறது. வெளியார் வாரந்தோறும் வருகிறார்கள் என்று கல்லூரி அறிந்திருக்கிறது. வட்டு எந்தப் பக்கம் சரியும் என்று திடலைப் பராமரிப்பவரே இங்கு எழுதியிருக்கிறார். நாளை நடைபாதையில் ஒரு மாணவி அடிபட்டால், "பலகை வைத்திருந்தோம்" என்ற விடை போதுமென்று நான் எந்தக் கட்சிக்காரருக்கும் உறுதி கூறமாட்டேன். எறிந்தவர் தனியே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது வேறு.

என் கருத்தில், இப்போதைய ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் மோசமானது. பலகை ஒன்று சொல்கிறது, கீழ்ப்பாதை வேறொன்று சொல்கிறது. ஒன்று, பாதையை அடைத்துவிடுங்கள். அல்லது, பெயர் பதிந்து, விதி விளக்கி, முறையாக உள்ளே விடுங்கள்.

சாட்ஸ்வர்த் வட்டெறிவான் எழுதியது:

பெயர் பதிவதில் எங்களுக்குத் தடையில்லை. அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும் தருகிறோம். மாதம் ஒருமுறை வந்து கூடைகளைச் சுற்றிப் புல் நடவும், மரப்பட்டைகளுக்குக் காப்பு கட்டவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

ஆனால் கூடை காப்போன் அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நான்காம் கூடை அவ்வளவு ஆபத்தானதென்றால், உள்ளிருப்பவர் எறிந்தாலும் வட்டு அதே பக்கம்தானே சரியும்? நடைபாதையை அறிந்த மாணவரின் வட்டு அதை அறிந்து விலகிப் போகாது. எறியிடத்தைப் புதர்வரிசையின் மறுபுறம் மாற்றி, கூடையைச் சரிவின் மேலே ஏற்றினால், இடப்பக்கம் சாயும் வட்டு வெற்றுச் சரிவில் விழும். எறியும் முன் யாருக்கும் தீங்கு நேராது என்று உறுதிசெய்ய வேண்டும் என்பது இவ்விளையாட்டின் விதிகளிலேயே உள்ளது. கண்ணுக்குத் தெரியாத பாதையின் அருகே அந்த விதியை யாராலும் பின்பற்ற இயலாது. ஆகவே நீங்கள் சொன்ன காரணம் திடலின் வடிவமைப்பைக் குறை சொல்கிறதே தவிர எங்களைத் தடுப்பதற்குப் போதவில்லை.

கூடை காப்போன் எழுதியது:

நான்காம் கூடையைப் பற்றித் தம்பி சொன்னது சரியான வாதம். எறியிடத்தை மாற்றும் திட்டம் ஏற்கெனவே பேசப்பட்டது. மேலே ஏற்றினால் ஐந்தாம் கூடையின் எறிவழியோடு குறுக்கிடும் என்பதால் நின்றுவிட்டது. மீண்டும் அளந்து பார்க்கலாம். தேவைப்பட்டால் அந்தக் கூடையையே எடுத்துவிட்டு எட்டோடு ஆடுவதிலும் எனக்கு வருத்தமில்லை.

பதிவேடு என்பது எழுத எளிது. ஞாயிற்றுக்கிழமை அதை யார் வைத்திருப்பது, வாயிலில் நிற்கும் காவலரின் கூடுதல் ஊதியத்தை யார் கொடுப்பது? நாங்கள் சம்பளமின்றி, பாடவேளை போக மிஞ்சிய நேரத்தில் இதைச் செய்கிறோம். திறந்துவிட்ட பிறகு இருபது பேர் வந்தால் நிலம் தாங்காது. ஐந்து பேரை மட்டும் விட்டால், பெரியவர் சொன்ன அதே குறை இன்னொரு வடிவில் எழும். எனவே என் பதில் இன்றைக்கு "இல்லை" என்பதே.

ஃபீனிக்ஸ் தாய் எழுதியது:

டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியிடம் எத்தனையோ பூங்காக்கள் இருக்கின்றன. ஹெட்ரிக் பூங்காவில்தான் தொடங்கினார் என்று தம்பியே எழுதினார். அந்த வாதத்தின்படி அவர் தட்ட வேண்டிய கதவு மாநகராட்சியுடையது.

சாட்ஸ்வர்த் வட்டெறிவான் எழுதியது:

அக்கா, மாநகராட்சிக்கும் விண்ணப்பம் எழுதுகிறோம். அது நிறைவேறும் வரை கீழ்ப்பாதையைப் பயன்படுத்தமாட்டோம் என்று எங்கள் குழுவின் சார்பில் இங்கே எழுதித் தருகிறேன். கல்லூரிக்கும் ஒரு கடிதம் போகும்: மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை மட்டும், பதிவுபெற்ற பன்னிரண்டு பேர், நான்காம் கூடை நீங்கலாக. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.

ரிசர்வாயர் ஹில்ஸ் பெரியவர் எழுதியது:

அந்தக் கடிதத்தில் என் கையொப்பமும் இருக்கட்டும். பன்னிரண்டு பேரில் பாதி இடம் கட்டணம் செலுத்த இயலாத பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ற வரியைச் சேர்த்தால் மட்டும்.