மூன்றாவதாக நிற்பவர் ஆந்திரத்தை வெல்ல முடியுமா?

நகரி விசைத்தறியாளர்:
தெலுங்கு தேச அணி, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் ஆகிய இரு பெரிய அணிகளையும் சாராமல் தனித்து நிற்பவருக்குப் போடும் வாக்கு வீண் என்று எங்கள் நகரி, புத்தூர்ப் பகுதித் தமிழர்கள் பலரும் கருதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1982 மார்ச் 29 அன்று திரைப்பட நடிகர் என்.டி. ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியபோது, 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவான நாள்முதல் காங்கிரசைத் தவிர வேறு எந்தக் கட்சியும் அங்கே ஆண்டதில்லை. ஒரு வேனின் மேல் நின்று ஊர் ஊராகப் பேசியவர், அரசியலுக்கே புதியவர்கள் பலரை வேட்பாளர்களாக நிறுத்தி, 1983 சனவரியில் 294 இடங்களில் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைக் கைப்பற்றினார். அன்றைய சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருப்பதியில் அவரே வென்றார். சந்திரகிரியில், அன்று காங்கிரஸ் அமைச்சராக இருந்து பின்னாளில் தெலுங்கு தேசத்தின் தலைவரான சந்திரபாபு நாயுடு, தம் மாமனாரின் கட்சியிடம் தோற்றார். மக்கள் முடிவெடுத்துவிட்டால் ஒன்பது மாதமே போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சித்தூர் ஆசிரியர்:
ஐயா, 1983ஐ எல்லாக் காலத்துக்கும் பொதுவாக்குவதைத்தான் நான் மறுக்கிறேன். 1978 தேர்தலுக்கும் 1983 தேர்தலுக்கும் இடையில் காங்கிரஸ் மேலிடம் நான்கு பேரை முதலமைச்சர் நாற்காலியில் அமர்த்தியது. 1982இல் பேகம்பேட்டை விமான நிலையத்தில் முதலமைச்சர் அஞ்சையாவை ராஜீவ் காந்தி பலர் முன்னிலையில் கடிந்துகொண்டது தெலுங்கு மக்களின் தன்மானத்தைத் தொட்டது. அந்தக் கோபத்தைத் தன் பக்கம் திரட்டிக்கொள்ள வலுவான இரண்டாவது கட்சி எதுவும் மாநிலத்தில் இல்லை. ராமாராவ் நுழைந்தது அந்த வெற்றிடத்தில்.

2009ஐப் பாருங்கள். சிரஞ்சீவிக்கும் அதே திரைப்புகழ் இருந்தது, கூட்டத்துக்கும் குறைவில்லை. 2008 ஆகஸ்டில் திருப்பதியில் பிரஜா ராஜ்யத்தைத் தொடங்கிய அவர், 16 விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலான வாக்குகளைப் பெற்றும் வென்ற இடங்கள் 18தான். பாலகொல்லில் அவரே தோற்றார். காங்கிரஸ், தெலுங்கு தேசம் ஆகிய இரண்டும் உயிரோடு இருக்கும்போது, மாநிலம் முழுவதும் மெல்லிதாகப் பரவிய வாக்கு பெரும்பாலான தொகுதிகளில் மூன்றாம் இடத்தையே தரும். தொகுதியில் முதலில் வருபவர் மட்டுமே வெல்லும் முறையில் அந்த வாக்குகளால் எவருக்கும் பயனில்லை. 2011இல் அந்தக் கட்சி காங்கிரசோடு கலந்துவிட்டது.

குப்பம் வாசகி:
நீங்கள் இருவரும் தலைவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வாக்குச்சாவடிதான் கண்ணில் படுகிறது. 2024இல் ஆந்திரத்தில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் காலைமுதல் மாலைவரை அமர்ந்து, வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஒரு முகவர் வேண்டும். புதிதாக வருபவர் அத்தனை பேரை எங்கிருந்து திரட்டுவார்? எங்கள் குப்பத்தில் 1989 முதல் சந்திரபாபு ஒருவரே சட்டமன்ற உறுப்பினர். தெலுங்கு, தமிழ், கன்னடம் என்று எந்த மொழி பேசும் குடும்பமானாலும், முதியோர் ஓய்வூதியமோ வீட்டுமனைப் பட்டாவோ வேண்டுமென்றால், மண்டல அலுவலகத்துக்குப் போகுமுன் ஊரிலுள்ள கட்சிக்காரரைத்தான் முதலில் பார்க்கிறது. அந்த உறவு வாக்களிக்கும்போது மனத்தில் நிற்கும். அது தவறு என்று நான் மனமாரச் சொல்வேன். ஆயினும் நடப்பது அதுதான்.

ஜனசேனா கட்சியின் தலைவரான நடிகர் பவன் கல்யாணின் கதையும் இதையே காட்டுகிறது. 2019இல் இரு பெரிய கட்சிகளையும் விட்டு விலகி நின்றபோது பீமவரம், காஜுவாக்கா ஆகிய இரண்டு தொகுதிகளிலும் தோற்றார். ஜனசேனாவுக்கு ராசோலு மட்டுமே கிடைத்தது. 2024இல் தெலுங்கு தேசத்தோடும் பாரதிய ஜனதாவோடும் சேர்ந்து அவர் கட்சி 21 இடங்களில் நின்று 21லும் வென்றது. ஆனால் முதலமைச்சரானவர் சந்திரபாபு.

நகரி விசைத்தறியாளர்:
அம்மா, முகவர்கள் இல்லாமல் ராமாராவ் எப்படி வென்றார் என்ற கேள்விக்கு உங்கள் வாதத்தில் விடை இல்லை. அலை எழும்போது ஆட்கள் தாமாக வந்து சேர்கிறார்கள். 1983 பழங்கதை என்றால் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசைச் சொல்கிறேன்: 2011இல் தொடங்கிய கட்சி, தெலங்கானா நீங்கிய ஆந்திரத்தின் 175 இடங்களில் 2014இல் 67, 2019இல் 151. எட்டே ஆண்டுகளில் ஒரு புதிய கட்சி மாநிலத்தையே வென்றது.

வீண் வாக்கு என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. 2014இல் எங்கள் நகரியில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் ரோஜா வென்றது ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில். இத்தகைய தொகுதியில் மூன்றாமவர் பெறும் சில ஆயிரம் வாக்குகளைக் கண்டு இரு கட்சிகளும் அஞ்சும். விசைத்தறிக்கான மின்கட்டணத்தைப் பற்றி எங்கள் நெசவாளர்கள் பேசும் பேச்சை அவர்கள் காதுகொடுத்துக் கேட்க அந்த அச்சம் ஒன்றே போதும்.

சித்தூர் ஆசிரியர்:
நகரி பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் பேரம் பேசும் வலிமையும் மாநிலத்தை வெல்லும் வலிமையும் வேறு வேறு. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் பெயரளவில்தான் புதியது. மாநிலத்தைப் பிரிக்கும் முடிவுக்குப் பின் ஆந்திரத்தில் 2014இலும் 2019இலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை; அதன் வாக்காளர்களும் ஊர்த்தலைவர்களும் பெரும்பாலும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தலைவர் ஜெகனின் பக்கம் போனார்கள். அங்கேயும் ஒரு பழைய அணி சரிந்த பிறகுதான் இடம் காலியானது.

நகரி விசைத்தறியாளர்:
அப்படியானால் 2024இல் அந்தக் கட்சியே 11 இடங்களுக்குச் சுருங்கியதே? நீங்கள் கேட்கும் வெற்றிடம் இப்போது உருவாகிவிட்டது என்றுதானே பொருள்?

சித்தூர் ஆசிரியர்:
இடங்கள் 11தான், வாக்குகளோ 39 விழுக்காட்டுக்கும் மேல். ஐந்தில் ஏறக்குறைய இரண்டு பேர் இன்னும் அந்த அணியில் இருக்கும்போது அதைக் காலி இடம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த 39 விழுக்காடு கரைவதை உள்ளாட்சித் தேர்தல்களிலோ இடைத்தேர்தலிலோ காட்டுங்கள். அன்று உங்கள் வேட்பாளருக்காக வாக்குச்சாவடியில் முகவராக உட்கார நானும் வருகிறேன்.