மாஹே எவ்வளவு தூரம்: 469 கிலோமீட்டரா, 3,200-ஆ?

லாஸ்பேட்டை_78:
புதுச்சேரியிலிருந்து மற்ற மூன்று பிராந்தியங்களான காரைக்கால், மாஹே, ஏனாமுக்கு வான்வழி தூரம், சாலை தூரம் இரண்டும் வைத்து ஒரு அட்டவணை போடுகிறேன். காரைக்கால் வான்வழி 111, சாலை 132 என்று வருகிறது. மாஹே மட்டும் ஒரு தளத்தில் 469, இன்னொன்றில் 3,200-க்கு மேல். எது சரி? நாமே கணக்கிட எளிய வழி உண்டா?

சர்வே_கல்:
3,200 வந்த தளம் உங்களை இந்தியப் பெருங்கடலைத் தாண்டி அனுப்பியிருக்கிறது. செஷல்ஸ் நாட்டின் பெரிய தீவுக்கும் மாஹே என்றுதான் பெயர். ஊர்ப் பெயரைத் தட்டாமல் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுங்கள்.

கையால் போட: புதுச்சேரி 11.93, 79.83, மாஹே 11.70, 75.53. வித்தியாசத்தை ஒரு டிகிரிக்கு எத்தனை கி.மீ. என்பதால் பெருக்குங்கள். அட்சரேகை வித்தியாசம் 0.23 × 110.6 = 25 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 4.30 × 109 = 469. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 469-தான், குறுக்கே 25 வந்து பெரிதாக மாற்றவில்லை. அந்த 109 நம்ம ஊர் அட்சத்துக்கு மட்டும். ஏனாம் 16.73-இல் இருப்பதால் இரண்டு ஊர்களுக்கும் நடுவிலுள்ள அட்சத்துக்கு 108 போடுங்கள், வான்வழி 590 வரும்.

எக்செல்லில் sin, cos சூத்திரம் வைத்துப் போடுகிறவர்கள் டிகிரியை ரேடியனாக (அந்தச் சூத்திரங்கள் கேட்கும் கோண அலகு) மாற்ற மறந்தால் விடை தாறுமாறாகும். அதைவிட மோசம், 11°56′ என்பதை 11.56 என்று எழுதுவது. நிமிடத்தை 60-ஆல் வகுக்க வேண்டும், அது 11.93. அப்படியே 79°50′-ஐயும் 79.50 ஆக்கினால் புதுச்சேரி நெய்வேலிப் பக்கம் போய் உட்கார்ந்துவிடும். விடை பார்க்க நம்பும்படியாக இருக்கும், அதனால் கண்ணில் படாது.

ஓ.டி.கடலூர்:
சாலைக் கணக்கை விகிதம் வைத்து ஊகிக்காதீர்கள், குறுக்கே என்ன கிடக்கிறது என்று பாருங்கள். புதுச்சேரியும் காரைக்காலும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை. ஆனாலும் கடலூர் தாண்டியதும் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, அடுத்து பிச்சாவரம் உப்பங்கழி, அப்புறம் கொள்ளிட முகத்துவாரம். அதனால் சாலை சுமார் 15 கி.மீ. மேற்கே சிதம்பரத்துக்கு ஒதுங்கி, கொள்ளிடப் பாலம் ஏறி, சீர்காழி, தரங்கம்பாடி வழியாகத் திரும்பக் கரைக்கு வருகிறது. கூடுதல் 20 கி.மீ. இதுதான்.

மாஹேக்குக் குறுக்கே நிற்பது நீலகிரி. விழுப்புரம், சேலம், கோவை, பாலக்காட்டுக் கணவாய், கோழிக்கோடு என்று தெற்கே இறங்கி மறுபடி வடக்கே ஏற வேண்டும். சுமார் 620–630 கி.மீ. ஊட்டி, கூடலூர், வயநாடு வழி கிலோமீட்டரில் குறையலாம், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் நேரம் போய்விடும், நீலகிரிக்குள் நுழைய இ-பாஸும் வேண்டும்.

ஏனாமில் மலை இல்லை, கரைதான் வளைகிறது. நேர்கோடு வங்கக்கடல் மேல் போகும். சாலை சென்னை, நெல்லூர், விஜயவாடா சுற்றி 800 பக்கம்.

சர்வே_கல்:
ஒன்று விட்டுப்போச்சு. அட்டவணையில் 'விமான தூரம்' என்று எழுதாதீர்கள், 'நேர்கோட்டுத் தூரம்' என்றே போடுங்கள். மாஹேயில் விமான நிலையம் இல்லை, பக்கத்தில் இருப்பது கண்ணூர். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூர் வழியாகக் கண்ணூருக்குக் கோடு போட்டாலே 540 ஆகிறது.

லாஸ்பேட்டை_78:
நெய்வேலி விஷயம் சரியாகப் பிடித்தீர்கள். ஏனாம் வரிசையில் அதே தப்பு இருக்கிறது, திருத்துகிறேன்.